முதல் விரல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ நலம் என்பது எனக்குத் தெரியும், ஆகவே விசாரிக்கவில்லை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் இத்தனை வருஷமாக எல்லாக் கடிதங்களையும் ஆரம்பித்திருக்கிறேன், இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் உன் அக்கா பேச்சை எடுத்தாலே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், பிரித்தால் போதும். நீ பிரிக்காமல் எங்காவது செருகி வைத்துவிடக் கூடாது என்பதற்காக உறைமேல் முகவரியை அப்பாவை எழுதச் சொன்னேன், அவர் கையெழுத்தைப் பார்த்தால் நீ பயப்படாமல் திறப்பாய்.

முதலில் வீட்டுச் செய்திகள். லிஃப்ட் ஒருவழியாக ஓடுகிறது, மூன்றாவது மாடியில் மட்டும் ஒரு சாண் கீழே நிற்கிறது, ஏறி இறங்கப் பழகிவிட்டோம். அப்பா இன்னும் கண்ணாடிக் கடைக்குப் போய் லென்ஸ் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார், முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. என்னைப் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டும் பிரிவிலிருந்து சோதனை மேசைக்கு மாற்றிவிட்டார்கள். ஓடுகிற பட்டையிலிருந்து உடைந்ததைப் பொறுக்கி எடுக்கும் வேலை. மற்றவர் கண்ணுக்குப் படாத விரிசல்கூட உங்க கண்ணுக்குப் படுதேம்மா என்று மேற்பார்வையாளர் பாராட்டினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பெற்ற பெண் மூன்று வருஷமாக விரிசல் விட்டுக்கொண்டு வந்து போனதைப் பார்க்காத கண் இது. நீ அனுப்பிய பார்சலும் வந்து சேர்ந்தது. புதுப் பூட்டு, விரல் வேண்டாம், முகத்தைப் பார்த்தே திறக்கும் என்று துண்டுச் சீட்டில் எழுதியிருந்தாய். உன் அத்தான் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே கண்ணா நாங்கள் மூன்று வருஷமாகக் கதவைத் திறந்துவிட்டோம். அட்டையைக்கூடக் கிழிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உன் வாசலுக்கு வந்திருக்கும்.

பழைய பூட்டு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா. எனக்கு நிமிஷம் நிமிஷமாக நினைவிருக்கிறது, தூக்கம் வராதவர்களுக்கு வேறென்ன வேலை. நீ லீவில் வந்திருந்தாய். அப்பாவும் நானும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், சாவியைத் தொலைக்கிறோம், காலம் கெட்டுக்கிடக்கிறது என்று சொல்லி அந்தப் பூட்டை வாங்கி வந்தாய். பொருத்த வந்தவர், திருடன் தலைகீழா நின்னாலும் திறக்க முடியாதுங்க என்றார். தாழ்ப்பாள் இருந்தால் கதவு பார்க்க நன்றாக இல்லை என்று நீயே அதைக் கழற்றி, துளைகளில் மரப்பசை அடைத்து, மேலே பாலிஷும் போட்டாய். அக்காவும் அவனும் அன்றைக்கு வந்திருந்தார்கள். இனி அவன் என்றுதான் எழுதப்போகிறேன், உன் அத்தானுக்கு என்னிடம் இருந்த மரியாதை எல்லாம் செலவாகிவிட்டது. யார் விரலை முதல்ல வைக்கலாம் என்று பொருத்துகிறவர் கேட்டார். நீ அப்பாவைக் கூப்பிட்டாய். அப்பா எழுந்துகூட விட்டார். மாப்பிள்ளை நிற்கும்போது அவரை விட்டுவிட்டு நாம் முந்திக்கொள்வதா என்று நான்தான் தடுத்தேன். மாப்பிள்ளை கைராசிக்காரர், அவர் வைக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். முதல்ல வைக்கிற விரல்தாம்மா ஓனர் விரல், அப்புறம் மாத்தறது கஷ்டம் என்று அந்த மனிதர் எச்சரித்தார். அதனால் என்ன, அவரும் இந்த வீட்டுப் பிள்ளைதானே என்றேன். எல்லோரும் சிரித்தோம், அவனும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டே விரலை வைத்தான். பூட்டு தேன் குழைத்த குரலில், வருக உரிமையாளரே என்றது. இரண்டாவது விரல் உன்னுடையது, மூன்றாவது அப்பாவுடையது, நான் நாலாவது. கடைசியில்தான் உன் அக்காவின் விரல். ஆகவே இந்தக் கதையில் முதல் குற்றவாளி நான். உன்னை இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறேன்.

என் குற்றம் அதோடு முடியவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீ எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம். முதல் வருஷம் அவள் கன்னம் வீங்கி வந்தபோது, கொஞ்சம் அனுசரிச்சுப் போடி என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாம் வருஷம் காது கேட்கவில்லை என்று வந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சொட்டுமருந்து வாங்கிக்கொடுத்து, நானே வண்டியேற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். பொறுமை பொறுமை என்று நான் ஓதியதைக் கேட்டு வளர்ந்தவன்தானே நீ, உன்னை மட்டும் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் மூன்றாம் தடவை, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இடது மணிக்கட்டை வலது கையால் தாங்கிக்கொண்டு அவள் வந்து நின்றபோது எனக்குப் புத்தி வந்துவிட்டது. லேட்டாக வந்தாலும் வந்தது. இனி போக வேண்டாம் என்று சொல்லி, எலும்பு வைத்தியரிடம் காட்டிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். கதவைச் சாத்தும்போதுதான் அப்பா கேட்டார், மாப்பிள்ளை விரலுக்கு இது திறக்குமே என்று.

திங்கட்கிழமை காலையில் பூட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஓனர் விரலை அழிக்கணும்னா ஓனர் விரலையே வைக்கணும், இல்லேன்னா உங்க பையன் பேர்லதான் கணக்கு இருக்கு, அவர் போன்லேர்ந்து அழிச்சா போயிடும் என்றார். சரி, பிள்ளைதானே என்று உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்பதை மறந்திருப்பாய். அழிச்சா அவருக்கு உடனே தகவல் போகும்மா, மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடும், ரெண்டு நாள் பொறு, நான் அத்தான்கிட்ட நயமா பேசறேன் என்றாய். அப்படியானால் பூட்டையே கழற்றிவிடுகிறேன் என்று அந்த ஆளை வரச் சொன்னேன். வருகிறேன் என்றவர் வரவில்லை. கேட்டால், உங்க பையன் வேண்டாம்னுட்டார், தான் பாத்துக்கறதா சொன்னார் என்றார். செவ்வாய்க்கிழமை நானே மறுபடி கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருந்தாய். புதன்கிழமை கூப்பிட்டேன், அத்தான் அழுதார்ம்மா, திருந்திடுவார்னு தோணுது என்றாய். உனக்கு அந்த ஊரில் வேலை கிடைக்க அவன் ஓடியாடினான், நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் பேசியபடி மேட்ச் பார்ப்பீர்கள், அதெல்லாம் எனக்குத் தெரியாதா. பாம்புக்கும் நோகாமல் கம்புக்கும் நோகாமல் அடிக்கப் பார்த்தாய். நாங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இருந்தோம்.

வியாழக்கிழமை நான் கம்பெனியில். அப்பா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். பகல் பன்னிரண்டு நாற்பது என்று எதிர்வீட்டு டீச்சர் சொல்கிறார், அவர் வீட்டில் அப்போதுதான் பள்ளிக்கூடத் தாள் திருத்த உட்கார்ந்தாராம். அக்கா அடுக்களையில் ஒற்றைக் கையால் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வருக உரிமையாளரே என்று குரல் கேட்டதும், அப்பாதான் வந்துவிட்டார் என்று ஒரு வினாடி நினைத்தாளாம், அப்பாவுக்கு அந்தப் பூட்டு ஒருநாளும் அப்படி வரவேற்புச் சொன்னதில்லை என்பது அடுத்த வினாடிதான் உறைத்ததாம். நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம். அவள் எப்படியோ அவனைத் தாண்டி வாசல்வரை ஓடியிருக்கிறாள். அவன் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்தான், அவள் வலது கையால் நிலையைப் பற்றிக்கொண்டாள். விடு என்றான். விடவில்லை. அவளை விடவைக்க அவன் கதவைச் சாத்தினான். கைமேல் சாத்தினான். உன் பூட்டு நல்ல பூட்டு, கதவு நெருங்கினால் தானாகத் தாழ் போடும். இடையில் ஏதாவது தட்டுப்பட்டால் தாழ் பின்வாங்கி மறுபடி முயலும், அப்படி மூன்று முறை முயலும் என்று விளக்கப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது. மூன்று முறையும் முயன்றது. எதிர்வீட்டு டீச்சர் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தபோது அவர் முதலில் பார்த்தது எங்கள் கதவிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த நாலு விரலைத்தானாம். அந்த அம்மாள் தோளால் முட்டித் திறந்து கத்தியதில் மேல்மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அவன் ஓடக்கூட இல்லை, சட்டையைச் சரிசெய்துகொண்டு படியில் இறங்கிப் போனான்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டார், வண்டியில் வரும்போதே நான் உன்னைக் கூப்பிட்டேன், உடனே எடுத்தாய், அன்றைக்கு மட்டும் சிக்னல் நன்றாக இருந்தது. அப்பாவும் டீச்சரும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், நான் அவள் பழைய டாக்டர் சீட்டுகளை எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாசலெல்லாம் ரத்தம். ஈரத்துணி எடுத்துத் துடைக்க உட்கார்ந்தேன். துடைத்திருக்கக் கூடாதாம், தடயமாம், பிறகு விசாரணை அதிகாரியம்மா கோபித்துக்கொண்டார். எனக்கு அப்போது அது என் பெண்ணின் ரத்தம் என்று மட்டும்தான் தெரிந்தது. நான் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது என் தலைக்கு மேலே பூட்டு பேசியது. ஒரு கைரேகை நீக்கப்பட்டது என்றது. அதே தேன் குரல். நீ அங்கே உட்கார்ந்து அழித்திருக்கிறாய். எத்தனை நேரமாயிற்று உனக்கு. இரண்டு தொடுதல் என்கிறார் அப்பா, விரலைத் தேர்ந்தெடுக்க ஒன்று, சரி என்று சொல்ல ஒன்று. தும்பை விட்டு வாலைப் பிடித்தாய் என்று பழமொழி சொல்வார்கள், நீ வாலைக்கூடப் பிடிக்கவில்லை, மாடு போன தடத்தைக் கும்பிட்டாய். அந்த வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு உன்னை நான் வெறுத்தேன். பெற்றவள் எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன். அன்று மாலையில் நீ போனில் அழுதபடி சொன்னாயே, செவ்வாய்க்கிழமையே அந்தப் பக்கத்தைத் திறந்தேம்மா, நீக்குங்கற பட்டன் வரைக்கும் போயிட்டு மனசு வரல, மூடிட்டேன் என்று. அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். கை எட்டாத தூரம் என்று நினைத்து ஆறுதல் பட்டிருப்பேன்.

அக்காவின் கை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆள்காட்டி விரல் முதல் கணுவரை இல்லை. நடுவிரல் இருக்கிறது, மடங்காது. அவள் லேபில் ரத்தம் எடுக்கிறவள் என்பது உனக்குத் தெரியும், அது வேலை இல்லை, அவளுக்கு அது கைவந்த கலை. பச்சைக் குழந்தையின் கையில்கூட விரல் நுனியால் தடவி ஒரே குத்தில் எடுப்பாள், நரம்பு ஒளிந்துகொள்கிற கிழவர்கள் அவள் வரும்வரை காத்திருப்பார்கள். நரம்பு தேடுகிற அந்த நுனிதான் போய்விட்டது. இப்போது அவளை வரவேற்பு மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள், வருகிறவர்களுக்கு வரிசை எண் கொடுக்கிறாள். வேலை முடிந்து வந்ததும் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு மேசைமேல் கையை நீட்டிக்கொண்டு உட்காருவார். அவள் கண்ணை மூடி இடது கை விரலால் தடவித் தேடுவாள், தேடிப் பேனாவால் புள்ளி வைப்பாள். போன வாரம் ஊசியே எடுத்தாள். நாலு தடவை தப்பிவிட்டது, அப்பாவின் முழங்கை மடிப்பு நீலம் பாரித்துக் கிடக்கிறது. வலிக்கவே இல்லம்மா, இன்னொரு தடவை பாரு என்கிறார் அவர். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் அவர் மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். புகார் மனுவில் கையெழுத்துப் போட முடியாமல், பட்டம் வாங்கிய பெண் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

இனிதான் நான் எழுத வந்த விஷயம். அவன் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில், மனைவியே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டதாகவும், பேசிக்கொண்டிருக்கும்போது காற்றில் கதவு அடித்துக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறான். டீச்சர் பார்த்தது விரலை மட்டும்தான், அவன் எப்படி உள்ளே வந்தான் என்பதைப் பார்க்கவில்லை. பார்த்த சாட்சி பூட்டு ஒன்றுதான். எந்த விரல் எத்தனை மணிக்குத் திறந்தது, தாழ் எத்தனை முறை முட்டியது, எல்லாம் அதன் பதிவில் இருக்கிறது. அந்தப் பதிவை நாங்கள் எடுக்க முடியாது, கணக்கு வைத்திருக்கிற நீ கேட்டால்தான் பூட்டுக் கம்பெனி கொடுக்குமாம். அதிகாரியம்மா உனக்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறார். ஆபீஸ்ல வேலை நெருக்கடி, அனுப்பறேன் என்று பதில் போட்டிருக்கிறாய். கம்பெனிக்கு நேராக எழுதி வாங்கலாமே என்று கேட்டேன், அதற்குள்ள நாள் கடந்துடும்மா என்கிறார். பதிவு தொண்ணூறு நாள்தான் இருக்கும், பிறகு தானாகவே அழிந்துவிடும், இதுவும் அதே விளக்கப் புத்தகத்தில் இருக்கிறது. அப்பா இப்போது பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தினம் அதைத்தான் படிக்கிறார், பூட்டு வந்த அன்றைக்கு யாரும் அதைப் பிரிக்கவில்லை. உனக்கும் இது தெரியும் என்பது எனக்குத் தெரியும். நீ ஏன் தாமதிக்கிறாய் என்பதும் தெரியும். செவ்வாய்க்கிழமை நீ அந்தப் பக்கத்தைத் திறந்து மூடியதும் அதே பதிவில் இருக்கிறது, வியாழக்கிழமை நீ அழித்த மணியும் இருக்கிறது. நாலு பேர் முன்னால் அதைப் படித்தால் உன் பெயர் என்னாவது என்று பார்க்கிறாய். என் பெயர் என்னாவது என்று நான் பார்க்கவில்லை. முதல் விரல் வைக்கச் சொன்னவள் நான்தான், இரண்டு முறை திருப்பி அனுப்பியவளும் நான்தான் என்று அதிகாரியம்மாவிடம் எழுதிக்கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உன் அக்காவோ, தம்பியைத் திட்டாதீங்கம்மா, அவனுக்கு யாரையும் பகைச்சுக்கத் தெரியாது என்கிறாள். அவள் பெரிய மனசுக்காரி. நான் அப்படி இல்லை. யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவன் எப்போதும் அடி வாங்குகிறவர்களைத்தான் விலையாகக் கொடுக்கிறான், அதை நான் என் வாழ்க்கையிலேயே செய்து பார்த்துவிட்டேன்.

இன்றைக்கு எழுபத்திரண்டாவது நாள். கடிதம் உன் கைக்கு வர பத்து நாள் ஆகும், ஆக நீ இதைப் படிக்கும்போது எட்டு நாள் மிச்சம் இருக்கும். அதிகாரியம்மாவின் முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன், படிக்க முடியவில்லை என்று சொல்லாதே. அனுப்பினால் எனக்குத் தகவல் சொல்ல வேண்டாம், அந்த அம்மாளே சொல்வார். அனுப்பாவிட்டாலும் சொல்ல வேண்டாம். குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே புளித்த ஏப்பம் வரும்.

மருமகளுக்கு ஏழாம் மாதம் என்றும், பெண் குழந்தை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம். அவளை மாடிப்படி ஏறி இறங்க விடாதே. குழந்தை குறையில்லாமல் பிறந்து, பத்து விரலும் பத்திரமாக நூறு வருஷம் வாழட்டும். அவளுக்கு ஒரு தம்பி மட்டும் பிறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்காவின் அம்மா